உங்களுக்குத் தெரியுமா? கத்திரி வெயிலில் சோலார் கரண்ட் குறையும்!

வெயில் கொளுத்தினால் சோலார் பேனல் சோர்ந்துபோகும். அதன் திறனைக் கணக்கிடுவது 25 டிகிரி செல்சியஸில். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் மின்சாரம் குறையும். பழவேற்காட்டுக் கூரையில் மே மாத நண்பகலில் பேனல் 65 டிகிரியைத் தொட்டால், 16 சதவீதம் போச்சு!

• கடற்காற்று பேனலைக் குளிர்விக்கும். உப்பையும் அதுவேதான் கொண்டுவந்து அப்பும்.

• பழவேற்காடு ஏரிக்குப் பெயர் வாங்கித் தந்த பறவைகள் இங்கே வில்லன்கள். ஒரே ஒரு செல்லை எச்சம் மூடினாலும் அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு முடங்கலாம். மூடிய செல் சூடேறிக் கருகவும் கூடும்.

• குறை வானத்திலா, பேனலிலா? விழும் வெயிலை பைரனோமீட்டரால் அளந்து, வந்த யூனிட்டோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் (பெயரில்தான் காற்று!) நாடெங்கும் நிலையங்கள் வைத்து வெயிலையும் அளக்கிறது.

• 2016-இல் திறந்த கமுதி சோலார் நிலையம் 648 மெகாவாட். அங்கே பேனல் துடைப்பது ரோபோக்கள்.

ஐஸ் பேக்டரி, இறால் பண்ணைக்காரர்களே, மாதக் கடைசி பில்லுக்காகக் காத்திருக்காதீர்கள். இன்வர்ட்டரில் பேனல் வரிசைவாரியாக ஆம்பியரைப் பாருங்கள். பேனலை நல்ல தண்ணீரில், வெயில் ஏறுமுன் கழுவுங்கள்.