கணினி வலையின் பொத்தலும் காவலும்

யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னாருக்குச் செல்லும் பெருவீதியை அடுத்து, மாந்தைக்கு வடக்கே, கண்டற் காடுகள் செறிந்த கடலோரத்தில் விடத்தல்தீவு என்னும் ஊர் உளது. அங்கு வாழ்வோர் பலருக்குக் கடற்றொழிலே சீவனோபாயம். கரை சேர்ந்த வலையை மீனவர் அப்படியே சுருட்டி வைத்துவிடுவதில்லை. வாடியின் முன்னே விரித்து, முழம் முழமாகக் கையிற் பற்றி நோக்கி, அறுந்த கண்களைத் தேடிப் பொத்துவர். இஃது ஒரு வேலை. கடலில் விட்ட வலையையும் கரையிற் கட்டிய வள்ளத்தையும் இரவிற் பார்த்திருப்பது பிறிதொரு வேலை. முன்னது குறையைத் தேடுவது. பின்னது கள்வனைத் தேடுவது. ஒன்றைச் செய்தமையால் மற்றையதும் செய்யப்பட்டதாக எந்த மீனவரும் எண்ணார்.

அலுவலகங்கள், வங்கிகள், வைத்தியசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் கணினிகளைப் பிணைக்கும் வலையமைப்புக்கும் இவ்விரு வேலைகளும் உரியன. முன்னதைக் குறைதேடல் என்றும் பின்னதைக் கண்காணிப்பு என்றும் ஈண்டு வழங்குவோம். உவமை முற்றும் பொருந்துவதன்று. மீனவரின் வலையிற் பொத்தல் விழுந்தால் உள்ளிருப்பது வெளியேறும். கணினி வலையிலோ முதலில் வெளியிலிருப்பவன் உள்ளே புகுவான், உள்ளிருப்பது அதன் பின்னரே வெளியேறும். புகுதலுக்கும் வெளியேறுதலுக்கும் இடைப்பட்ட அக்காலமே கண்காணிப்பவனுக்குக் கிடைக்கும் அவகாசம்.

குறைதேடல் நிகழுமாறு யாதெனின், வலையமைப்பிலுள்ள கணினி ஒவ்வொன்றுக்கும் துறைகள் எனப்படும் இலக்கமிட்ட வாயில்கள் உண்டு. அவை 65,535 வரை எண்ணப்படும். பாதுகாப்பான இணையப் பக்கங்கள் 443ஆம் துறை வழியாகவும், அஞ்சற் சேவையகங்கள் தம்முட் பரிமாறும் கடிதங்கள் 25ஆம் துறை வழியாகவும், விண்டோஸ் கணினிகளின் கோப்புப் பகிர்வு 445ஆம் துறை வழியாகவும் நடைபெறுதல் வழக்கம். தேடற் கருவி இத்துறைகளைத் தட்டிப் பார்க்கிறது. விடை வரின், விடை தந்த நிரல் எது, அதன் பதிப்பு எது என்பவற்றை உய்த்தறிகிறது. பின்னர் அப்பதிப்பில் அறியப்பட்ட குறை உண்டோ என்று பட்டியலில் நோக்குகிறது. 1999ஆம் ஆண்டு முதல் இத்தகைய குறை ஒவ்வொன்றுக்கும் உலகப் பொதுவான ஓர் இலக்கம் வழங்கப்பட்டு வருகின்றது. குறையின் கொடுமையை 0 முதல் 10 வரையான புள்ளிகளால் அளக்கும் முறையும் உண்டு.

இவ்வகைக் கருவிகளுள் முதலிற் பெரும் பரபரப்பை உண்டாக்கியது, 1995ஆம் ஆண்டு ஏப்ரலில் டான் ஃபார்மர், வீட்சே வெனெமா என்னும் இருவர் இலவசமாக வெளியிட்ட நிரலாகும். அதன் பெயர் ‘சாத்தான்’. கள்வர் கையிற் சாவியைக் கொடுத்துவிட்டனர் என்று பலர் வெகுண்டனர். பெயரை விரும்பாதோர் அதனைச் ‘சாந்தா’ என்று மாற்றிக்கொள்வதற்கும் நிரலிலேயே வழி வைத்திருந்தமை அவர்களது நகைச்சுவைக்குச் சான்று. 1997இல் ‘என்மேப்’ என்னும் துறை தேடும் கருவியும், 1998இல் ‘நெஸ்ஸஸ்’ என்னும் குறைதேடும் கருவியும் தோன்றின. கள்வன் எவ்வாறும் தட்டிப் பார்ப்பான். வீட்டுக்காரன் தன் கதவைத் தான் தட்டிப் பாராதிருத்தல் எவ்வகையிலும் நன்றன்று என்பதே இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

ஆயினும் தேடுதல் வேறு, திருத்துதல் வேறு. விண்டோஸின் கோப்புப் பகிர்விலிருந்த ஒரு குறைக்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14ஆம் நாள் திருத்தம் வெளியிட்டது. மே 12ஆம் நாள் ‘வன்னாக்ரை’ என்னும் கப்பம் கோரும் தீநிரல் அக்குறை வழியாகவே ஏறத்தாழ 150 நாடுகளிற் புகுந்தது. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் ஆயிரக்கணக்கான நோயாளருக்குக் குறித்த சந்திப்புகள் இரத்தாயின. இடையிலே கிடைத்த காலம் ஏறக்குறைய இரண்டு மாதம்.

அமெரிக்காவின் ஈக்குவிஃபாக்ஸ் நிறுவனத்தின் கதை இதனினும் நுணுகி ஆராயத்தக்கது. மக்களின் கடன் வரலாறுகளைத் திரட்டி வைத்திருக்கும் அந்நிறுவனம், 2017 மார்ச்சில் ஒரு குறை பற்றிய எச்சரிக்கையைப் பெற்றது; தன் கணினிகளிற் குறைதேடலும் நடத்தியது. குறையுடைய கணினி அத்தேடலில் அகப்படவில்லை. மே மாதம் அதன் வழியே உட்புகுந்தோர் சூலை இறுதிவரை தடையின்றி உலாவினர். கண்காணிக்கும் கருவி இல்லையோ எனின், இருந்தது. மறைகுறியாக்கிச் செல்லும் செய்திகளைத் திறந்து நோக்குதற்கு அதற்கு வேண்டிய சான்றிதழ் காலாவதியாகி, எவரும் புதுப்பிக்காமையால் மாதக்கணக்காக அக்கருவி குருடாய் நின்றது. சூலை 29ஆம் நாள் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டவுடனே களவு கண்ணிற் பட்டது. அதற்குள் ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்கள் பறிபோயிருந்தன. கருவி வாங்கிய இரசீதைக் காட்டிக் காவல் உண்டு என்று கூறும் நிர்வாகிகள் இதனை ஒருமுறை படித்தல் வேண்டும்.

கண்காணிப்பு என்பது யாது? வலையமைப்பிற் செல்லும் போக்குவரத்தையும், கணினிகள் தாமே எழுதும் பதிவேடுகளையும் ஓரிடத்திற் சேர்த்து நோக்குதலாம். அறியப்பட்ட தீநிரலின் அடையாளத்தைத் தேடுதல் ஒரு முறை. வழக்கத்துக்கு மாறானதைத் தேடுதல் மற்றொரு முறை. எழுதுநர் ஒருவரின் கணக்கு நள்ளிரவு இரண்டு மணிக்கு வேற்று நாட்டிலிருந்து திறக்கப்படின், கடவுச்சொல் சரியானதேயாயினும் செயல் ஐயத்துக்குரியது.

இரண்டாவது முறையின் அருமையை விளக்கக் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்பவரின் அனுபவத்தினும் சிறந்ததொன்றைக் காணல் அரிது. வானியல் கற்ற அவர், 1986இல் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்திற் கணினிப் பணிக்கு மாற்றப்பட்டார். கணினி பயன்படுத்திய நேரத்துக்குரிய கட்டணக் கணக்கில் 75 சதம் பொருந்தாமல் நின்றது. மற்றொருவராயின் தம் பணத்தை இட்டுக் கணக்கை முடித்திருப்பர். அவர் அச்சதங்களைத் துரத்தினார். உரிமையில்லாத ஒருவர் கணினியைப் பயன்படுத்துகின்றார் என்று கண்டார். உடனே கதவை அடைக்காது, தொலைபேசி இணைப்புகளோடு அச்சுக்கருவிகளைப் பொருத்தி, வந்தவன் தட்டிய எழுத்து ஒவ்வொன்றையும் தாளிற் பதியச் செய்தார். பல மாதத் தேடலின் முடிவில், மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து அமெரிக்க இராணுவக் கணினிகளைத் துருவி, பெற்றவற்றைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற கூட்டம் வெளிப்பட்டது. அவரிடம் விலையுயர்ந்த கருவி எதுவும் இருக்கவில்லை. வழக்கமான கணக்கு எவ்வாறு இருக்கும் என்பதை அறிந்திருந்தார், அவ்வளவே.

இனி நம் நாட்டு நிகழ்ச்சிக்கு வருவோம். இலங்கையிற் கணினி அவசர தயார்நிலைக் குழு 2006ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. 2007ஆம் ஆண்டிற் கணினிக் குற்றச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆகவே அமைப்பும் இல்லை, சட்டமும் இல்லை என்று கூறுதற்கில்லை. இருந்தும் 2023 ஆகத்து 26ஆம் நாள் அரசாங்க மின்னஞ்சல்களைத் தாங்கிய ‘லங்கா அரச மேகம்’ கப்பம் கோரும் தீநிரலுக்கு இரையாயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. சேவை பன்னிரண்டு மணி நேரத்துள் மீண்டது. ஆயின் மே 17 முதல் ஆகத்து 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதிகளும் அதே தாக்குதலில் மறைகுறியாக்கப்பட்டுவிட்டமையே காரணம்.

தீநிரல் புகுதற்கு இடமாயிருந்த அஞ்சல் நிரல் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரல் 11ஆம் நாளுடன் நிறுத்தியிருந்தது. அதாவது அதன் பின் காணப்படும் குறைகளுக்குத் திருத்தம் வராது. புதிய பதிப்புக்கு மாறும் எண்ணம் 2021ஆம் ஆண்டிலேயே இருந்தது என்றும், நிதிக் குறைவாலும் நிர்வாகத் தீர்மானங்களாலும் அது பின்னடைந்தது என்றும் பொறுப்பான முகவர் நிலையத்தார் பின்னர் கூறினர். 2022இல் நாடு எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றதை நினைவுகூரின் நிதிக் குறைவு என்பது வெறும் சாட்டு அன்று. எனினும் ஒன்றை நோக்குக. இங்கே குறைதேடல் தோற்கவில்லை. குறை அறியப்பட்டிருந்தது, எழுதப்பட்டிருந்தது, இரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. காப்புப் பிரதியொன்றை வலையமைப்பினின்று துண்டித்து வைத்தலோ, புதிய பதிப்புக்கு மாறுவதைப் போன்று பெருஞ் செலவுடையதன்று.

மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019இல் நிகழ்ந்தது இதற்கு மறுபுறமாக நோக்கத்தக்கது. இந்தியக் கணினி அவசரக் குழு செப்டெம்பர் 4ஆம் நாள் அங்கு ஒரு தீநிரல் இருப்பதைச் சுட்டியது. நிர்வாக அலுவல்களுக்காக இணையத்துடன் பிணைந்திருந்த ஒரு கணினியே பீடிக்கப்பட்டிருந்தது. உலையை இயக்கும் வலையமைப்பு அதனின்று தனித்திருந்தது என்று அணுமின் கழகம் ஒக்டோபர் 30ஆம் நாள் அறிவித்தது. முதல் நாள் நிலையத்தார் விடுத்த மறுப்பு வேண்டாததொன்று. ஆயினும் புகுந்தது ஓர் அறையோடு நின்றமைக்குக் காரணம் அறைகளுக்கு இடையே சுவர் இருந்தமையாகும்.

இவையெல்லாம் பேரரசுகளின் கதை, கடற்கரைச் சங்கம் ஒன்றுக்கு இவற்றால் என்ன என்று கேட்கலாம். விடத்தல்தீவு போன்ற ஊரில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு கணினிகள், ஓர் இணைய வழிச்செலுத்தி, ஒரு அச்சுக்கருவி. இவற்றினுள்ளே உறுப்பினரின் அடையாள அட்டை இலக்கங்கள், சேமிப்புக் கணக்குகள், கடன் நிலுவைகள். வழிச்செலுத்தியின் கடவுச்சொல் தொழிற்சாலையில் இட்டவாறே இருப்பின் அதனை உலகிலுள்ள எவரும் ஊகிக்கலாம். தானே துறை தட்டித் திரியும் நிரலுக்குக் கொழும்பு பெரிது, விடத்தல்தீவு சிறிது என்ற வேறுபாடு தெரியாது. சேமிப்புப் பட்டியல் அழிந்தால் நட்டம் அடைபவர், புத்தகத்தில் எழுதிய தொகையை நம்பி இருக்கும் விதவையும் முதியவருமே.

அத்தகைய சங்கத்துக்கு முதலில் வேண்டியது தன்னிடம் உள்ள கருவிகளின் பட்டியல். பட்டியலில் இல்லாததை எவரும் தேடார். ஈக்குவிஃபாக்ஸ் அறிந்த பாடமும் ஏறத்தாழ அதுவே. ‘என்மேப்’ இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ‘நெஸ்ஸஸ்’ 2005இல் மூல நிரலை மூடியபின் அதன் கிளையாகத் தோன்றிய ‘ஓப்பன்வாஸ்’ என்பதும் அவ்வாறே. பழைய கருவிகள் சில இத்தட்டுதலைத் தாங்காது நின்றுவிடும் ஆதலின், அலுவல் முடிந்த மாலையில் தேடுதல் நன்று. ஆர்வமுள்ள மாணவர் ஒன்றை மறவாதிருக்க: உரியவரின் எழுத்து மூல அனுமதியின்றிப் பிறர் வலையமைப்பைத் துருவுதல் கணினிக் குற்றச் சட்டத்தின் பிடியுள் அகப்படக்கூடிய செயல். நல்லெண்ணம் என்பது நீதிமன்றில் மெய்ப்பித்தற்கு அரியது.

கண்காணிப்பைப் பொறுத்தவரை, நாள் முழுதும் திரையை நோக்க ஆள் வைத்தல் சிறு சங்கத்துக்கு இயலாது. கிழமைக்கு ஒருமுறை, யார் எப்போது எங்கிருந்து நுழைந்தனர் என்னும் பதிவேட்டை ஒருவர் வாசித்தால் போதும். ஆனால் அதை வாசிப்பவர் அலுவலகத்தின் வழக்கத்தை அறிந்தவராயிருத்தல் வேண்டும். அச்சங்கத்தின் காசாளரே வெளியூர் வல்லுநரினும் இதற்கு ஏற்றவர். கண்ட குறைகளை எழுதும் புத்தகத்தில் நான்கு நிரல்கள் இருக்கட்டும்: குறை, கண்ட நாள், திருத்த வேண்டியவரின் பெயர், திருத்திய நாள். நான்காவது நிரல் வெறுமையாயுள்ள பக்கங்களை மாதக் கூட்டத்தில் உரக்க வாசித்துவிட்டு அடுத்த விடயத்துக்குச் செல்லலாம்.