ஆற்றில் இட்டதும் குளத்தில் எடுத்ததும்



'ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுவது' என்னும் பழமொழியை நீங்கள் அறிவீர்கள். ஓரிடத்தில் விட்ட பொருளை வேறோரிடத்தில் தேடும் பேதைமையைக் குறிக்க நாம் அதனை வழங்குகிறோம். ஆனால் அப்பழமொழியோடு சேர்த்துச் சொல்லப்படும் வரலாறு பேதைமையைப் பற்றியதன்று. திருமுதுகுன்றம் என்று பழம்பெயர் கொண்ட எங்கள் விருத்தாசலத்திலே சுந்தரமூர்த்தி நாயனார் 12,000 பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. ஆற்றில் இடுமுன் அவர் செய்த காரியம் ஒன்று கருதத்தக்கது. அப்பொன்னிலே ஒரு சிறு துண்டை மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டபோது மாற்றுக் குறைந்திருந்தது. மாற்று ஒத்துவரும் வரையில் அவர் அமைதி கொள்ளவில்லை.

இன்று நான் பேசப் புகுவது பொன்னைப் பற்றியன்று, குறுந்தகட்டைப் பற்றி. ஆயினும் அந்த மாதிரித் துண்டை நினைவில் வைத்திருங்கள். முடிவில் அது நமக்கு வேண்டும்.

எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைப் பட்டறை நடத்தும் ஒருவர் என் பழைய மாணவர். அவருடைய தந்தையார் வாழ்நாளெல்லாம் சோதித்துக் கண்ட கிளேஸ் கலவை அளவுகளையும், சூளை வெப்பக் குறிப்புகளையும், அச்சுகளின் படங்களையும் 2004ஆம் ஆண்டு முதல் குறுந்தகடுகளில் எழுதி வைத்திருந்தார். தந்தையார் மறைந்தார்; அவர் கைப்பட எழுதிய நோட்டுகளைக் கறையான் அரித்துவிட்டது. அண்மையில் மகன் தம் கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தார். மறுநாள் தகடு எழுதும் பழைய மென்பொருளைத் திறந்தால், 'எழுதும் கருவி காணப்படவில்லை' என்ற ஒரே விடைதான் வந்தது. தகடுகளைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து, "ஐயா, எல்லாம் போய்விட்டது" என்றார். எல்லாம் போய்விடவில்லை. போனது எது, போகாதது எது என்று பிரித்தறிவதே இங்கு முதற்பாடம்.

பச்சைக் களிமண்ணை நீரில் கரைத்துவிடலாம். சூளையில் வெந்தபின் கரைக்க இயலாது. ஒரே முறை எழுதத்தக்க குறுந்தகடும் அத்தகையதே. அதனுள் மெல்லிய சாயப் படலம் ஒன்று உண்டு. எழுதும் கருவியின் லேசர் ஒளி அப்படலத்தை நுண்ணிய புள்ளிகளாகச் சுடுகிறது; சுட்ட புள்ளி மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகட்டிலே ஏறத்தாழ 700 மெகாபைட் செய்தி இவ்வாறு பதிகிறது. இயங்குதளம் மாறியதால் தகட்டில் சுட்ட எழுத்து அழிந்துவிடாது. எனவே தகடு குற்றவாளியன்று.

அப்படியானால் குற்றம் எங்கே? மென்பொருள் எழுதும் கருவியோடு நேரே பேசுவதில்லை. இடையிலே இயங்குதளம் இருக்கிறது. அதனோடு 'டிரைவர்' எனப்படும் சிறு நிரல்கள் தூதுவர்களாய் நிற்கின்றன. தொடக்க காலத்தில் விண்டோஸ் இயங்குதளத்திற்குத் தகடு எழுதும் திறன் தன்னளவில் இல்லை. ஆகவே ஒவ்வொரு மென்பொருளும் தன் தூதுவனைத் தானே அழைத்து வந்தது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேதான் அத்திறன் உடன்பிறந்ததாக அமைந்தது. பிற்காலத்தில் காவல் கடுமையாயிற்று. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை அறவே ஏற்பதில்லை. 32 பிட் நிரல்களை ஏற்கும். ஆனால் 32 பிட் டிரைவர்களை ஏற்காது. 2021இல் வந்த விண்டோஸ் 11 முழுவதும் 64 பிட் வகையே. ஆகவே பழைய மென்பொருளின் சாளரம் திறக்கும், பொத்தான்கள் எல்லாம் தோன்றும். ஆனால் அதன் தூதுவன் வாயிலிலேயே நிறுத்தப்பட்டிருப்பான். 'கருவி காணப்படவில்லை' என்பதன் பொருள் பெரும்பாலும் இதுதான்.

இனிப் பரிகாரங்களை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, இயங்குதளத்தின் கண்ணுக்காவது கருவி தெரிகிறதா என்று பாருங்கள். என் மாணவரின் கணினியில் அதுவும் தெரியவில்லை. பழைய மென்பொருள் விட்டுச் சென்ற டிரைவர் பதிவு வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அம்மென்பொருளை முறைப்படி நீக்கிக் கணினியை மீண்டும் தொடங்கியதும் கருவி தோன்றிவிட்டது. நீக்கிய பின்னும் தோன்றாவிடில், கணினியின் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டைத் திருத்த நேரலாம். நகல் எடுத்து வையாமல் அதில் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது, அம்மென்பொருளைச் செய்தோரிடம் புதிய பதிப்பு உண்டா என்று பாருங்கள். இல்லையேல், அந்நிரலின் பண்புகள் பகுதியில் பழைய விண்டோஸ் போல நடந்துகொள்ளும்படி அமைக்கும் வசதி இருக்கிறது. நிருவாகி உரிமையோடு இயக்கியும் பார்க்கலாம். இவ்வசதி நிரலை ஏமாற்றுமேயன்றி, பழைய டிரைவரைப் புதியதாக்காது.

மூன்றாவது, உங்களுக்கு வேண்டுவது அந்த மென்பொருள்தானா, அல்லது அது செய்த வேலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணக் கோப்புகளைத் தகட்டில் எழுத விண்டோஸே போதும். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் ஐஎஸ்ஓ வகைக் கோப்பையும் அதுவே எழுதுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் கே3பி, பிரேசெரோ ஆகிய இலவச மென்பொருள்கள் உள்ளன.

நான்காவது, பழைய மென்பொருள் இன்றியமையாததாயின், அதற்குரிய பழைய இயங்குதளத்தோடு ஒரு பழைய கணினியை ஒதுக்கி வையுங்கள். ஆனால் அதை இணையத்தோடு இணைக்காதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்குரிய ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. காவல் நீங்கிய வீட்டைத் திறந்து வைத்தல் தகாது.

என் மாணவருக்கு இந்நான்காம் வழியே இறுதியில் உதவியது. சில தொகுப்புகளை அவர் அம்மென்பொருளுக்கே உரிய தனி வடிவில் சேமித்திருந்தார். பழைய கணினி ஒன்றில் அவற்றைத் திறந்து, உள்ளிருந்த படங்களையும் குறிப்புகளையும் பொது வடிவில் எடுத்தோம். ஒரு தகடு மட்டும் எவ்வழியிலும் படிக்கப்படவில்லை. பல்லாண்டு சன்னலோரம் வெயிலில் கிடந்து அதன் சாயம் கெட்டிருந்தது. அதில் எழுதியிருந்த கிளேஸ் கலவைகள் இனிக் கிடைக்கமாட்டா. மென்பொருளின் பிணிக்கு மருந்துண்டு. சாயத்தின் பிணிக்கு இல்லை.

இத்துன்பம் ஒரு பட்டறைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1086இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்னும் நிலக் கணக்கேட்டின் 900ஆம் ஆண்டு நினைவாக, 1986இல் பிபிசி நிறுவனம் நாட்டு மக்களின் செய்திகளைத் திரட்டி லேசர் தகடுகளில் பதித்தது. இருபதாண்டு நிறையுமுன்னரே அத்தகடுகளைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. பழைய கணினியைப் போல நடிக்கும் நிரலை ஆராய்ச்சியாளர்கள் அமைத்தே அவற்றை மீட்க வேண்டியதாயிற்று. தோலில் எழுதிய பழைய ஏடோ இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

ஆகவே, பழைய மென்பொருளை ஒரு முறை இயங்கச் செய்துவிட்டால், அதோடு மகிழ்ந்து அமைந்துவிடாதீர்கள். அந்த வாய்ப்பிலேயே பொருளை வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு மென்பொருள் மட்டும் அறிந்த வடிவில் வையாது, எல்லாரும் படிக்கும் பொது வடிவில் வையுங்கள். ஒரு பிரதி தகட்டிலும், மற்றொன்று வன்தட்டிலும், ஒன்று வேறு வீட்டிலும் இருக்கட்டும்.

இனி அந்த மாதிரித் துண்டுக்கு வருவோம். ஒரு கோப்பிலிருந்து 'ஹாஷ்' என்னும் குறியெண்ணைக் கணினி கணித்துத் தரும். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். இடம் மாற்றுமுன் அவ்வெண்ணைக் குறித்து வைத்து, மாற்றியபின் மீண்டும் கணித்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்தால் பொருள் பழுதின்றி வந்தது என்க. தகடு எழுதும் மென்பொருள்களில் உள்ள 'எழுதியபின் சரிபார்' என்னும் கட்டளையும் இவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே. நேரம் மிகுதியாகும் என்று அதனை விலக்குவோர் பலர்.

ஆற்றில் இட்டதைக் குளத்தில் எடுத்தல் இக்காலத்தில் அருஞ்செயலன்று, நாள்தோறும் செய்கிறோம். எடுத்தது இட்டதுதானா என்று உரைத்துப் பார்த்த பின்னரே பழையதைக் கைவிடுங்கள்.