கணினிக்கு முன் ஒரு காகிதக் கணக்கு

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 18.085 என்ற எண்ணில் ஒரு பாடம் உண்டு. 'கணினிசார் அறிவியலும் பொறியியலும்' என்பது அதன் பெயர். பாலத்தின் எந்த இடம் பளு தாங்காது, விமான இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும், உலோகத் தகட்டில் வெப்பம் எப்படிப் பரவும் என்றெல்லாம் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் துறைக்கு இது நுழைவாயில். இதைப் பல ஆண்டுகள் நடத்தி, இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் கில்பர்ட் ஸ்ட்ராங். 1934இல் சிகாகோவில் பிறந்த கணிதப் பேராசிரியர். 1962இல் எம்.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்தவர், 2023 மே மாதம்தான் ஓய்வு பெற்றார். பாடத்தின் பெயரிலேயே அவர் எழுதிய நூல் 2007இல் வெளிவந்தது. 2008ஆம் ஆண்டு வகுப்புகளின் காணொளிகள் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கணினி பற்றிய பாடம்தான், ஆனால் தொடக்க வகுப்புகளைப் பார்ப்பவர் கண்ணில் படுவது கரும்பலகையும் சாக்பீஸும். பலகையில் நான்கு சின்ன அணிகள். முதல் அணியில் மூலைவிட்டம் முழுக்க 2, அதன் இரு பக்கமும் −1, மற்ற இடமெல்லாம் சுழியம். அடுத்ததில் ஒரு முனையில் இருந்த 2 மட்டும் 1 ஆகிறது. இன்னொன்றில் இரண்டு முனைகளும் 1. கடைசியில், முனைகள் ஒன்றோடொன்று வட்டமாக இணைந்துவிடுகின்றன. முனையைத் தவிர வேறெங்கும் மாற்றமில்லை. பாடத்தின் பெரும்பகுதி இந்த நான்கின் மேல்தான் நிற்கிறது. என் பார்வையில், ஓர் அறிமுகப் பாடத்துக்கு இதைவிட நேர்மையான தொடக்கம் இருக்க முடியாது.

ஏன் என்று ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். உத்தரத்திலிருந்து ஒரு சுருள்வில் தொங்குகிறது. அதன் அடியில் ஓர் எடை, அதற்குக் கீழே இன்னொரு சுருள்வில், இன்னோர் எடை, மறுபடி ஒரு சுருள்வில், ஓர் எடை. மொத்தம் மூன்று எடைகள், மூன்று சுருள்வில்கள். ஒவ்வோர் எடையும் 1 அலகு. ஒவ்வொரு சுருள்வில்லும் 1 அலகு விசைக்கு 1 அலகு நீளும். எந்த எடை எவ்வளவு கீழே இறங்கும்?

நடு எடையை எடுத்துக்கொள்வோம். மேலே உள்ள சுருள்வில் அதை மேல்நோக்கி இழுக்கிறது. கீழே உள்ளது கீழ்நோக்கி இழுக்கிறது. இரண்டு சுருள்வில்களைத் தொடுவதால்தான் அதன் சமன்பாட்டில் 2 வருகிறது. அக்கம்பக்கத்து எடைகளால் இரண்டு −1 வருகின்றன. கடைசி எடை ஒரே ஒரு சுருள்வில்லைத்தான் தொடுகிறது. அதனால் அங்கே 1. மூன்று சமன்பாடுகளையும் தீர்த்தால் இறக்கங்கள் 3, 5, 6 என்று வரும். சரிபார்ப்பதும் சுலபம். மேல் சுருள்வில் 3 அலகு நீண்டிருக்கிறது, ஏனென்றால் மூன்று எடைகளையும் அதுதான் சுமக்கிறது. அடுத்தது 2, கடைசி 1.

இப்போது கீழ்முனையையும் இன்னொரு சுருள்வில்லால் தரையோடு கட்டிவிடுவோம். கடைசி 1, 2 ஆகிறது. விடை 1.5, 2, 1.5 என்று மாறிவிடுகிறது. மேல்பாதி நீள்கிறது, கீழ்ப்பாதி நசுங்குகிறது. மாறாக, உத்தரத்தோடு இருந்த பிடியையும் அறுத்துவிட்டால்? இரண்டு முனைகளிலும் 1 வருகிறது, விடையே கிடையாது. எடைகள் மொத்தமாகக் கீழே விழுந்துவிடும், அவ்வளவுதான். இதைத்தான் கணிதத்தில் நேர்மாறு இல்லாத அணி, அதாவது பூச்சியக் கோவை அணி என்கிறோம். கட்டட வடிவமைப்பு மென்பொருளில் தாங்கியைக் குறிக்க மறந்த பொறியாளருக்கு வரும் 'சிங்குலர்' எச்சரிக்கையும் இதே செய்திதான்: உன் கட்டடம் எதன் மேலும் நிற்கவில்லை.

மின்சுற்றுக்கு வந்தால் பெயர்கள்தான் மாறும். எடைகளின் இடத்தில் முனைகள், இறக்கத்தின் இடத்தில் மின்னழுத்தம், ஹூக் விதியின் இடத்தில் ஓம் விதி, விசைச் சமநிலையின் இடத்தில் கிர்க்காஃப் விதி. ஒரு முனையை எர்த் செய்து பூச்சிய வோல்ட் என்று வைத்தால்தான் மின்னழுத்தங்களைக் கணக்கிட முடியும் என்று மின்பொறியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அதுவும் உத்தரத்தில் கட்டுவதும் ஒன்றே. வேறுபாட்டைக் கண்டுபிடி, பொருளின் விதியைப் போடு, சமநிலையை எழுது என்ற இந்த மூன்று படிகளையே ஸ்ட்ராங் பாடம் முழுக்க இழைத்துக்கொண்டு போகிறார். சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று தனித்தனி வகுப்பறைகளில் படித்தவர்களுக்கு இது பெரிய திறப்பு.

அடுத்த படிதான் பாடத்தின் உயிர்நாடி. தனித்தனி எடைகளை விட்டுவிட்டு, சொந்த எடையால் நீளும் ஒரு கம்பியைத் தொங்கவிடுவோம். கம்பிக்குள் எண்ணற்ற புள்ளிகள். கணினிக்குத் தெரிந்ததோ எண்ணிக்கைக்குள் அடங்கும் எண்கள். ஆகவே கம்பியைத் துண்டு போட வேண்டும். எல்லா அளவுகளையும் 1 என்று வைத்தால், கீழ்முனை எவ்வளவு இறங்கும் என்பதற்கு நுண்கணிதம் தரும் சரியான விடை 0.5. நான்கு துண்டாக வெட்டி, கீழ்முனையில் இழுவிசை இல்லை, எனவே கடைசித் துண்டு நீளாது என்று எடுத்துக்கொண்டால், மேலே பார்த்த அதே 3, 5, 6 வருகிறது. ஒவ்வொரு துண்டின் எடையும் கால், நீளமும் கால் என்பதால் இவற்றை 16ஆல் வகுக்க வேண்டும். கீழ்முனையின் இறக்கம் 6/16, அதாவது 0.375. நாலில் ஒரு பங்கு குறைகிறது!

துண்டுகளைக் கூட்டினால் சரியாகிவிடுமே என்று தோன்றும். எட்டுத் துண்டுக்கு 0.4375. நூறு துண்டு போட்டாலும் 0.495தான். பிழை உண்மையில் இருப்பது வேறிடத்தில். கடைசித் துண்டின் எடையில் கீழ்ப்பாதி எந்தப் புள்ளியின் கணக்கிலும் சேராமல் விடுபட்டுவிட்டது. அந்தப் பாதி எடையைக் கீழ்முனையில் வைத்துப் பாருங்கள். அதே நான்கு துண்டுகள், இறக்கங்கள் 3.5, 6, 7.5, 8. எட்டைப் பதினாறால் வகுத்தால் 0.5. நூறு துண்டால் முடியாததை விளிம்பில் வைத்த பாதி எடை செய்துவிட்டது. எல்லாக் கணக்கிலும் இப்படி அச்சொட்டாக விடை வராது. இங்கே சுமை சீராக இருந்ததால் வந்தது. ஆனால் பொதுவாகவே பிழை குறையும் வேகம் மாறிவிடுகிறது. துண்டுகளை இரட்டித்தால் முன்பு பிழை பாதியானது, இப்போது கால்வாசியாகும்.

எப்படி வெட்டுகிறோம், விளிம்பை எப்படி நடத்துகிறோம் என்பதில் உயிரும் பணமும் அடங்கியிருக்கின்றன. நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற கடல் எண்ணெய் மேடைக்காகக் கட்டிய பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம், 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டவாங்கர் நகருக்கு அருகே சோதனைக்காக நீரில் இறக்கப்பட்டபோது மூழ்கியது. மேலே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். மொத்த இழப்பு சுமார் 70 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. அடித்தளச் சுவர்களைக் கணினியில் சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரித்து ஆராய்ந்திருந்தார்கள். ஃபைனைட் எலிமென்ட் என்று பொறியாளர்கள் அன்றாடம் சொல்லும் முறைதான் அது. சுவர்கள் கூடும் மூலைகளில் அந்தப் பிரிப்பு போதுமானதாக இல்லை. அங்கே வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டது. அந்த எண்ணை நம்பிச் சுவரின் கனமும் குறைவாக வைக்கப்பட்டது. விபத்துக்குப் பிறகு கவனமாகச் செய்த ஆய்வு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் அது உடைந்தது 65 மீட்டர் ஆழத்தில். அதே முறை, அதே இயற்பியல். கூறுகளைக் கவனமாகப் போட்டபோது உண்மைக்கு இவ்வளவு அருகில் வந்துவிட்டது.

துண்டு போடுவதால் கணக்கு பெரிதாகும் என்பதும் உண்மைதான். ஒரு தகட்டை நீளத்திலும் அகலத்திலும் நூறு நூறு புள்ளிகளாகப் பிரித்தால் 10,000 விடைகள் வேண்டும். அணியில் 10 கோடி இடங்கள். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் தன் நான்கு அண்டைப் புள்ளிகளோடு மட்டுமே பேசுவதால், சுழியம் அல்லாத எண்கள் 50,000ஐத் தாண்டாது. அந்தக் காலியிடங்களைத் தொடாமல் கணக்குப் போடுவது எப்படி என்பதற்கே பாடத்தில் தனி இடம் இருக்கிறது. பின்பகுதியில் வரும் ஃபூரியர் முறையும் இதே சிக்கனத்தின் கதை. 1965இல் ஜேம்ஸ் கூலியும் ஜான் டுகியும் வெளியிட்ட விரைவு ஃபூரியர் மாற்றம், 1,024 எண்களுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் தேவைப்பட்ட பெருக்கல்களைச் சுமார் 5,000 ஆக்கியது. இத்தனைக்கும் அவர்கள் தோராயம் எதையும் சேர்க்கவில்லை. கணக்கின் வரிசையைத்தான் மாற்றினார்கள்.

நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளிலும் 'நியூமரிக்கல் மெத்தட்ஸ்' என்ற தாள் உண்டு. நியூட்டன்–ராப்சன், ரங்கே–குட்டா என்று முறை முறையாகப் படித்து, கால்குலேட்டரில் நான்கு தசமம் வரை போட்டுத் தேர்ச்சி பெறுகிறோம். முறைகளில் குறையில்லை. எந்தப் பொருளுக்காக, எந்த விளிம்பு நிபந்தனையோடு போடுகிறோம் என்ற கேள்விதான் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. விடையைப் பார்த்ததும் 'மேல் சுருள்வில் மூன்று எடைகளையும் சுமக்கிறதா?' என்று சோதிக்கும் பழக்கம் வராமலே மாணவர்கள் மென்பொருளுக்குப் போய்விடுகிறார்கள். திரையில் வண்ண வண்ணமாக வரும் தகைவுப் படம் தவறாக இருந்தாலும் அழகாகத்தான் இருக்கும். அதனால்தான் இந்தப் பழக்கத்தை முதலாண்டுகளிலேயே ஊட்டிவிட வேண்டும் என்கிறேன்.

18.085ஐப் பின்தொடர விரும்புகிறவருக்குப் பெரிய முன்தயாரிப்பு வேண்டியதில்லை. பிளஸ் டூ அளவு நுண்கணிதம் கைவசம் இருக்க வேண்டும். வகைக்கெழுச் சமன்பாடு என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அணிகளைப் பெருக்கத் தெரிய வேண்டும். நேரியல் இயற்கணிதத்தில் தடுமாறுபவர்கள் அதற்கென உள்ள ஸ்ட்ராங்கின் 18.06 பாடக் காணொளிகளை முதலில் பார்ப்பது நல்லது. காணொளியில் உள்ள வகுப்பில் மேட்லாப் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். பைத்தான் தெரிந்தவர்கள் அதிலேயே போட்டுக்கொள்ளலாம். ஆனால் முதல் சில வாரங்களுக்கு மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு அணிகளைக் கையால் தீர்ப்பதே உத்தமம். நேரத்தோடு மாறும் கணக்குகள், அதாவது அலைகள், பரவும் வெப்பம், ஓடும் காற்று எல்லாம் 18.086 என்ற அடுத்த பாடத்தில் வருகின்றன. அங்கே இடத்தைத் துண்டு போடுவதோடு காலத்தையும் துண்டு போட வேண்டும். காலத்துண்டு ஓர் எல்லையைத் தாண்டிப் பெரிதானால், பல முறைகளில் விடை சற்றே பிசகுவதோடு நிற்காது. படிக்குப் படி பெருகி முழுக் கணக்கையும் அழித்துவிடும்.