நீளமான தொடரடைவுப் பக்கங்கள் இடையில் நின்றுவிடுவது ஏன்?

திறவுச்சொற்கள்: தொடரடைவு, யுடிஎஃப்-8, வழங்கி, இடையகம், பிஎச்பி

முன்னுரை

இணையத் தொடரடைவில் ஒரு சொல்லைத் தேடும்போது, அச்சொல் வரும் அடிகளையெல்லாம் வழங்கி திரட்டி ஒரே பக்கமாக அனுப்புகிறது. அரிய சொல்லாயின் பத்து வரிகளில் முடியும். 'என', 'போல' போன்றவையாயின் பல்லாயிரம் வரிகள் நீளும். அவ்வாறு நீளும் பக்கம் சில வேளைகளில் நடுவே நின்றுவிடுகிறது. வெற்றுப் பக்கம் வந்தால் பழுதென்று எவரும் அறிவர். பாதியில் நின்ற பக்கமோ முடிந்த பக்கம் போலவே தோன்றும். அதனை எண்ணி, 'இச்சொல் இத்தனை இடங்களில் பயில்கிறது' என எழுதும் ஆய்வாளர் தம்மையறியாமல் பிழையான எண்ணைத் தருகிறார். வரிசையில் பின்னால் நிற்கும் நூல்களில் அச்சொல்லாட்சியே இல்லை என்று முடிவு செய்யவும் நேரலாம். இப்பழுது எங்கெங்கே தோன்றுகிறது, அதனைக் கண்டறிவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எழுத்தும் பைட்டும்

வழங்கியின் வரம்புகள் எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளையே எண்ணுகின்றன. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டு போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு வேண்டும். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளே. 'தமிழ்' என்னும் சொல் நமக்கு 3 எழுத்து. யுனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடு. வழங்கிக்கு 15 பைட்டு. பழைய திஸ்கி முறையில் இதே சொல் 4 பைட்டில் அடங்கியது. எனவே திஸ்கியில் குறையின்றி இயங்கிய பக்கம், யுனிகோடுக்கு மாற்றிய பின் நிற்கத் தொடங்கினால், நிரலைக் குறை கூறுவதற்குமுன் அளவைப் பார்க்க வேண்டும். ஐஐஎஸ் 6.0 வழங்கியில் ஏஎஸ்பி பக்கங்களுக்கான இடையக வரம்பு இயல்பாக 41,94,304 பைட்டு. தமிழில் அது 14 இலட்சம் குறியீடுகளுக்கும் குறைவு.

பிஎச்பி நிற்கும்போது

பிஎச்பியின் நினைவக வரம்பு இயல்பாக 128 மெகாபைட்டு. தேடல் விடைகள் அனைத்தையும் முதலில் ஓர் அணியில் சேர்த்துவிட்டுப் பிறகு அச்சிடும் நிரல், பெரிய விடையில் இவ்வரம்பை எளிதில் தொடும். அச்சிடத் தொடங்குமுன் தொட்டால் வெற்றுப் பக்கமோ 500 என்னும் பிழை எண்ணோ வரும். வரிகளை அச்சிட்டுக்கொண்டே வேறொரு பட்டியலையும் வளர்த்துச் செல்லும் நிரல் இடையில் தொட்டால் நிலை வேறு. 'வெற்றி' எனப் பொருள்படும் 200 என்னும் நிலை எண் பக்கத்தின் தலையிலேயே சென்றுவிட்டது. அதனைத் திரும்பப் பெற வழியில்லை. பொதுப் பயன்பாட்டு வழங்கிகளில் பிழைச் செய்தியைத் திரையில் காட்டாமல் நிறுத்திவைப்பது வழக்கமாதலால், பிழை பதிவுக் கோப்பில் மட்டுமே இருக்கும். நினைவக வரம்பை உயர்த்துவது பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. அது பழுதை அடுத்த பெரிய சொல்வரை தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. தரவுத்தளத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் பெற்று உடனுக்குடன் அனுப்புவதே சரியான முறை.

என்ஜின்எக்ஸ் இடையகம்

இக்கட்டுரையாளர் அமைத்த தொடரடைவு ஒன்று, வழங்கி இருந்த அறையில் முழுமையாகவும் மெதுவான இணைப்புடைய நண்பர்களுக்கு அறுபட்டும் வந்தது. நிரலில் பல நாள் தேடியும் பிழை அகப்படவில்லை. பழுது இடையில் நின்ற என்ஜின்எக்ஸில் இருந்தது. அது பிஎச்பி தரும் பக்கத்தை இயல்பாக 8 இடையகங்களில் வைக்கும். இடையகம் ஒன்று 4 கிலோபைட்டாயின் மொத்தம் 32 கிலோபைட்டு, அதாவது ஏறத்தாழ 10,900 தமிழ்க் குறியீடுகள். வாசகர் பெறும் வேகம் குறைந்து இடையகங்கள் நிறைந்தால், மீதியைத் தற்காலிகக் கோப்பில் எழுத முயலும். வழங்கியை இயக்கும் பயனர் பெயரை மாற்றியவர், அக்கோப்புறையின் உரிமையை மாற்ற மறந்திருந்தால் எழுத இயலாது. பக்கம் அவ்விடத்தே அறுபடும். விரைவான இணைப்பில் இடையகம் நிறைவதே இல்லை. ஆகவே அருகிலிருந்து சோதிப்பவருக்குப் பழுது தென்படாது. பிழைப் பதிவில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் பொருளில் 13 என்ற எண்ணுடன் ஒரு வரி இருக்கும். அதனைப் பார்த்திருந்தால் ஒரு நாழிகையில் முடிந்திருக்கும் வேலை அது. பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் வசதியை இங்கு நம்பியிருக்க இயலாது. பிஎச்பியின் பக்கத்தை வாங்கி இடையகத்தில் வைத்த பின்னரே என்ஜின்எக்ஸ் அதனைச் சுருக்குகிறது.

கண்டறியும் முறை

பக்கத்தை கர்ல் கருவியால் பலமுறை இறக்கிப் பைட்டுகளை எண்ணுக. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் நினைவக வரம்பையோ குறிப்பிட்ட ஒரு தரவையோ ஐயுறலாம்; இணைப்பின் வேகத்திற்கேற்ப இடம் மாறினால் இடையகத்தை ஐயுறலாம். பின்னதில் தரவு முடியுமுன் இணைப்பு மூடப்பட்டதாகக் கருவி 18 என்னும் பிழை எண்ணைத் தரும். முன்னதில் பெரும்பாலும் எதுவும் சொல்லாது.

தொடரடைவு அமைப்போர் தரவுத்தளம் தரும் மொத்த எண்ணிக்கையைப் பக்கத்தின் தலையிலும், உண்மையில் அச்சிட்ட வரிகளின் எண்ணிக்கையை அடியிலும் காட்டுவது நன்று. அவ்வசதியில்லாத தளத்தைப் பயன்படுத்தும் ஆய்வாளர் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து, இறுதியில் எச்டிஎம்எல் நிறைவுக்குறி உள்ளதா எனப் பார்க்கலாம். அக்குறி இல்லாவிடினும் உலாவி தானே பக்கத்தை முடித்துக் காட்டிவிடும். திரையை மட்டும் பார்த்தால் தெரியாது.