பழைய லேப்டாப், சிக்னல் இல்லாத மலை... வியூக விளையாட்டுக்கு இது போதும்!

ப்ளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப் வீட்டில் தூசி படிந்து கிடக்கிறதா? அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க!

கல்வராயன்மலையில் வெள்ளிமலை மாதிரியான ஊர்களில் செல்போன் சிக்னல் வந்தால் வரும், இல்லாட்டி இல்லை. ஆன்லைன் கேம் ஆடினால், நெட் போனதும் ஆட்டமும் போச்சு. நடுநடுவே காசு கேட்கிற தொல்லை வேறு. ஆனால், கம்ப்யூட்டரில் ஆடும் பழைய ஸ்ட்ராடஜி கேம்கள் அப்படியில்லை. இவற்றில் கை வேகத்தைவிட யோசனைதான் முக்கியம். எந்த நிலத்தில் சாமை, எதில் மரவள்ளி என்று கணக்குப் போடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதுசும் இல்லை.

எதில் தொடங்கலாம்?

பேட்டில் ஃபார் வெஸ்னோத்: முதல் ஆட்டமாக இதைத்தான் சொல்வேன். முற்றிலும் இலவசம். சதுரங்கம்போல மாறி மாறி நகர்த்த வேண்டும், அவசரமே இல்லை. நிற்கும் இடம்தான் எல்லாமே. சாதாரண ஈட்டி வீரர் சமவெளியில் நின்றால், எதிரியின் ஒவ்வொரு அடியும் அவர்மீது விழ 60% வாய்ப்பு. மலைமேல் ஏறிவிட்டால் அது 40%தான். இறந்த வீரர் அடுத்த கட்டத்துக்கு வரமாட்டார் என்பதால், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மனசு அடிச்சுக்கும்!

ஓப்பன் டிடிடி: சண்டை வேண்டாம் என்பவர்களுக்கு. 1990-களில் வந்த 'டிரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸ்' ஆட்டத்தின் இலவச வடிவம். கடன் வாங்கி ரயில், பஸ், லாரி விட வேண்டும். முதலில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தையும் மின்நிலையத்தையும் ரயிலால் இணையுங்கள். கைக்குப் பணம் வந்த பிறகு மற்றதெல்லாம்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: 1999-ல் வந்தது, இன்றும் ஆடப்படுகிறது. உணவு, மரம், தங்கம், கல் சேர்த்து ஊரை வளர்த்து, பிறகு போருக்குப் போக வேண்டும். 2022-ல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' தொகுப்பில் ராஜேந்திர சோழனின் படையெடுப்பே ஒரு தனிக் கதையாக இருக்கிறது. சுருள்வாள் வீரர்களும் உண்டு. ஆனால், இது காசு கொடுத்து வாங்க வேண்டியது. புதிய பதிப்பைப் பழைய அரசு லேப்டாப் தாங்காது. நல்ல கம்ப்யூட்டர் கிடைக்கும்போது பார்த்துக்கலாம்.

எப்படி இறக்குவது?

கள்ளக்குறிச்சி பக்கம் போகும்போது, முதல் இரண்டையும் அவற்றின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து பென்டிரைவில் ஏற்றி வாருங்கள். ஓப்பன் டிடிடிக்குத் தேவையான இலவச கிராஃபிக்ஸ் கோப்புகளையும் தனியாக ஏற்றிக்கொண்டால், இன்ஸ்டால் செய்தபின் நெட் தேவையில்லை. புதிய வெர்ஷன் ஓடவில்லையா? பழைய வெர்ஷனை முயற்சி பண்ணுங்க. 'இலவசமா தர்றோம்' என்று கண்ட தளத்தில் கிடைப்பதைத் தொடாதீங்க. வைரஸும் கூடவே வரும்.

மூணு விஷயம் மறக்காதீங்க!

* பயிற்சிப் பகுதியைத் தாண்டிப் போகாதீங்க. ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும், ஆடிக்கொண்டே பழகிவிடும்.
* முதல் சில ஆட்டங்களில் தோற்பீர்கள். எங்கே தப்பு நடந்தது என்று யோசிப்பதுதான் இதில் பாதி சுவாரஸ்யம்.
* 'இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' என்று ஆரம்பித்தால் விடிந்துவிடும். பரீட்சை நேரத்தில் அலாரம் வைத்துவிட்டு உட்காருங்கள். எங்கே நிறுத்தினாலும் சேமித்து வைக்கலாம். நாளைக்கும் ராஜ்ஜியம் அங்கேதான் இருக்கும்!