பின்னால் வருவதற்கும் ஒரு பிரேக்

கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்கு வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு மெனோரா சுரங்கப்பாதை பழகிய அடையாளம். கிளேடாங் மலைத்தொடரைக் குடைந்து 1980-களில் போட்ட பாதை, நீளம் சுமார் 800 மீட்டர். சுரங்கத்தைத் தாண்டியதும் சாலை ஜெலாப்பாங் பக்கம் நீளமாகச் சரிகிறது. ஓரத்துப் பலகைகள் கனரக வாகனங்களைச் சிறிய கியரில் இறங்கச் சொல்கின்றன. காரில் போகிறவர் அந்தப் பலகையைப் படிப்பதுகூட இல்லை. பின்னால் 30 டன் சரக்கோடு வரும் டிரெய்லர் லோரி ஓட்டுநருக்கு, அன்றைய பயணத்தில் அதைவிட முக்கியமான அறிவிப்பு வேறு இல்லை.

அந்தச் சரிவின் அடிவாரத்தில் ஒரு காலத்தில் ஜெலாப்பாங் டோல் சாவடி இருந்தது. மலையிலிருந்து இறங்கி வரும் வாகனங்கள் எல்லாம் அங்கே நின்றாக வேண்டும். பிரேக் பிடிக்காமல் வந்த லோரிகள் சாவடியிலும், வரிசையில் காத்திருந்த வாகனங்களிலும் மோதிய விபத்துகளைப் பேராக் மக்கள் இன்னும் மறக்கவில்லை. 2009-இல் அந்தச் சாவடி அகற்றப்பட்டது. சரியான முடிவு, தாமதமாக வந்த முடிவு. ஆனால் சாவடியை எடுத்துவிட்டால் சரிவு குறைந்துவிடாது. இறங்கும் வண்டியின் எடையும் குறையாது.

கணக்கைப் பார்த்தால் விஷயம் புரியும். சரக்கோடு 40 டன் எடையுள்ள ஒரு லோரி, 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் சரிவில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடாமல் அதே அளவில் இருக்க, இடைவிடாமல் 300 கிலோவாட் அளவுக்குச் சக்தியை எங்காவது கரைத்தாக வேண்டும். காற்றும் டயரின் உராய்வும் அதில் ஒரு சிறு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். 300 கிலோவாட் என்பது ஏறக்குறைய 400 குதிரைத் திறன். மலை ஏறும்போது எஞ்சின் முக்கி முனகிக் கொடுத்த அத்தனை சக்தியையும், இறங்கும்போது யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். கால் பிரேக்கை மட்டும் நம்பினால், அவ்வளவும் சக்கரத்தின் டிரம்முக்குள் சூடாகவே போய்ச் சேரும்.

டிரம் சூடானால் விரிகிறது. உள்ளேயிருந்து அதை அழுத்தும் பிரேக் ஷூ இன்னும் கொஞ்சம் தூரம் நகர வேண்டியதாகிறது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் சூட்டில் பிடிமானத்தை இழக்கிறது. முதலில் ஒரு கருகல் வாடை வரும், பிறகு புகை. அதற்குப் பின் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி கேட்காது. ‘பிரேக் செயலிழந்தது’ என்று செய்தியில் வருகிற பல சம்பவங்களில் எந்தப் பாகமும் உடைந்திருக்காது. சூடுதான் காரணமாக இருக்கும். அதே 40 டன் லோரி 60-க்குப் பதிலாக 30-இல் இறங்கினால் கரைக்க வேண்டிய சக்தி பாதியாகிவிடும். ஆகவே முடிவு எடுக்க வேண்டிய இடம் மலையுச்சி. அடிவாரத்தில் எடுக்கும் முடிவுக்குப் பயன் இருக்காது. “தம்பி, ஏறுன கியர்லயே எறங்கு” என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுப்பதில் அத்தனை பௌதிகமும் அடங்கியிருக்கிறது.

ஒரே வண்டியாக இருந்தால் பிரச்சினை இதோடு முடிந்தது. இழுத்துக்கொண்டு வருகிற வண்டி என்றால் இன்னொன்றும் சேர்கிறது. முன்னால் இருப்பது பிரேக் பிடிக்கும்போது பின்னால் இருப்பது நிற்க மறுத்து, முன்னதைத் தள்ளும். நேர்ச்சாலையில் தள்ளினால் நிற்கும் தூரம் கூடும். வளைவில் தள்ளினால் முன்வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் ஒதுங்கி, இரண்டும் இணைப்பில் மடிந்து சாலையை அடைத்துக்கொள்ளும். இழுப்பது ஒரு வேலை, நிறுத்துவது வேறொரு வேலை. இரண்டாவது வேலைக்குப் பின்வண்டியிலேயே ஆள் வேண்டும்.

தேர் இழுத்த நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. வடம் பிடிக்கும் ஆயிரம் பேராலும் தேரை நிறுத்த முடியாது. கயிறு இழுக்கத்தான் உதவும், தள்ள உதவாது. நிறுத்துகிறவர்கள் சக்கரத்தின் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு நடக்கிறவர்கள். திருவாரூர் ஆழித் தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. எஞ்சினே இல்லாத, இழுத்துச் செல்லப்படும் வாகனத்துக்குத் தனி பிரேக் என்பதற்கு இதைவிடப் பெரிய தமிழ் உதாரணம் கிடைப்பது அரிது. பிரேக் வந்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்கள் தேரோடு நடக்கத்தான் செய்கிறார்கள்.

ரயில்வேயும் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றது. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-இல் இதே பேராக்கில், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போடப்பட்டது. அந்தக் காலத்து ரயில்களில் எஞ்சினிலும் கார்டு பெட்டியிலும் மட்டும் கைப்பிரேக் இருப்பது உலகெங்கும் சாதாரணம். அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் காற்று பிரேக்கைக் கொண்டுவந்தார். முதல் வடிவத்தில் ஒரு குறை: குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. 1872-இல் அதைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டியிலும் காற்றுத் தொட்டி வைத்து, குழாயில் காற்று குறைந்தால் பெட்டி தானாகவே பிரேக் பிடித்துக்கொள்ளும்படி செய்தார். பெட்டி கழன்று தனியே ஓடினாலும் நின்றுவிடும்.

இன்றைக்கு ஒரு டிரெய்லர் லோரியின் முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் இடையே எட்டிப் பார்த்தால், சுருள் சுருளாக இரண்டு ஹோஸ்கள் தொங்கும். சிவப்பு ஹோஸ் டிரெய்லரின் தொட்டிக்குக் காற்று நிரப்புவது. மஞ்சள் ஹோஸ் ஓட்டுநர் மிதியை அழுத்தும் அளவைச் சொல்லி அனுப்புவது. சிவப்பு அறுந்தால் டிரெய்லர் தானே இறுகி நிற்கும். வெஸ்டிங்ஹவுஸின் அந்த 1872 யோசனைதான் இது. ஸ்டியரிங் பக்கத்தில் சில லோரிகளுக்கு டிரெய்லர் பிரேக்குக்கு மட்டும் தனி நெம்புகோலும் உண்டு. முன்வண்டியின் லைனிங் தேயாமல் இருக்கட்டும் என்று சிலர் சரிவு முழுக்க அதையே பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். மொத்தச் சூடும் பின் சக்கரங்களில் மட்டும் ஏறும். சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் அது.

சூட்டை வேறெங்காவது அனுப்ப வழி தேடியவர்களில் கிளெஸ்ஸி கம்மின்ஸ் முக்கியமானவர். டீசல் எஞ்சின் உலகில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. 1931-இல் தன் எஞ்சின் பூட்டிய லோரியில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தபோது, கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் பிரேக் கைவிட்டது. கீழே ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் கடந்துகொண்டிருந்தது. மயிரிழையில் தப்பினார். அந்த நினைவு அவரை விடவில்லை. எஞ்சினையே காற்றழுத்தும் இயந்திரமாக மாற்றி, அழுத்திய காற்றை வேலைக்கு உதவாமல் வெளியே விட்டு வண்டியைத் தடுக்கும் பிரேக்கை உருவாக்கினார். 1961-இல் அது ஜேக்கப்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பாகச் சந்தைக்கு வந்தது. புகைக்குழாயை அடைத்து எஞ்சினைத் திணறவைக்கும் எக்சாஸ்ட் பிரேக், அச்சுத் தண்டைக் காந்தத்தாலோ எண்ணெயாலோ தடுக்கும் ரிட்டார்டர் ஆகியவையும் இந்த வகைதான். லைனிங் தேயாது, டிரம் சுடாது. ஐ.நா.வின் வாகன விதி 13, நெடுந்தூரப் பேருந்து போன்ற சில வகைகளுக்குக் கடுமையான சோதனை வைத்திருக்கிறது. 7 சதவீதச் சரிவில், 6 கிலோமீட்டர் தூரம், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், சக்கர பிரேக்கைத் தொடாமல் இந்தத் துணை பிரேக்கை மட்டும் வைத்தே வண்டியைக் கட்டுப்படுத்திக் காட்ட வேண்டும். அதே 30-தான், கவனியுங்கள்.

தோட்டங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் எட்டவில்லை. சுங்கை சிப்புட்டிலும் சுங்கையிலும் பீடோரிலும் பால் மரம் இருந்த காலத்தில் பால் தொட்டியை இழுத்த டிராக்டர், இப்போது செம்பனைக் குலையை இழுக்கிறது. டிராக்டரில் பிரேக் மிதி இரண்டு: இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. மரவரிசைக்குள் சட்டென்று திரும்ப ஒரு பக்கத்தை மட்டும் மிதிக்கலாம். சாலைக்கு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு சிறு கொக்கி இருக்கும். அதைப் போட மறந்து இறக்கத்தில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழலும்; பின்னால் வரும் டிரெய்லர் அதைக் கவிழ்க்க மீதி வேலையைச் செய்துவிடும். தோட்ட டிரெய்லர்களில் பலவற்றுக்குச் சொந்த பிரேக்கே கிடையாது. மழைக்குப் பின் செம்மண் பாதையில் இறங்கும்போது கிளட்சை மிதித்தால், எஞ்சின் பிடித்துவைத்திருந்த கொஞ்சநஞ்சத் தடையும் போய்விடும். டிரெய்லருக்கு பிரேக் பொருத்துவது தோட்ட நிர்வாகங்களுக்குப் பெரிய செலவல்ல. ஓட்டுகிறவரின் உயிரோடு வைத்துப் பார்த்தால் அதைச் செலவு என்றே சொல்ல முடியாது.

இப்போது இழுத்துச் செல்வது லோரிக்காரர், தோட்டக்காரர் வேலை மட்டுமாக இல்லை. கேம்பர்வேனில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதும், லூமுட் கரைக்கோ தெமெங்கோர் ஏரிக்கோ படகை டிரெய்லரில் கட்டிக்கொண்டு போவதும் நம் நாட்டில் பழகிவருகிறது. அமெரிக்காவில் ஒரு படி மேலே போய், பெரிய மோட்டார்ஹோமின் பின்னால் சிறிய காரையும் கட்டி இழுத்துச் செல்கிறார்கள். தங்குமிடத்தில் மோட்டார்ஹோமை நிறுத்திவிட்டுக் காரில் சுற்றலாம். 5 டன் வண்டிக்குப் பின்னால் 1 டன் கார் என்றால் நிறுத்த வேண்டிய எடை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் 52 மீட்டரில் நின்றிருக்கக் கூடிய வண்டி, கார் சும்மா உருண்டு வந்தால் 62 மீட்டருக்குப் போகும். அந்த 10 மீட்டரில் இரண்டு மைவி நிற்கலாம்.

அதனால் காருக்குள்ளேயே ஒரு துணை பிரேக் வைக்கிறார்கள். பரவலான வகை, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தரையில் உட்காரும் ஒரு பெட்டி. அதன் கை பிரேக் மிதியைக் கவ்வியிருக்கும், முதுகு இருக்கையில் முட்டுக்கொடுத்திருக்கும். முன்வண்டி வேகம் குறைவதை உணர்ந்ததும் பெட்டி மிதியை அழுத்தும். பொருத்தும்போது பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. எஞ்சின் ஓடாத காரில் பிரேக்குக்கு உதவும் வெற்றிட பூஸ்டர் வேலை செய்யாது. ஆகவே மிதியை நாலைந்து முறை அழுத்தி, மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்து, மிதி கல்லாக இறுகிய பிறகே பெட்டியின் அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். மெத்தென்று இருக்கும்போதே சரிசெய்தால், சாலையில் அது பாதி வேலைகூடச் செய்யாது. உணர்திறனைக் கூட்டி வைத்தால் வேறு ஆபத்து: சரிவு முழுக்க மிதியை லேசாகப் பிடித்துக்கொண்டே வந்து காரின் பிரேக்கைப் பொசுக்கும். குறைவாக ஆரம்பித்து, காலியான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சோதித்து, சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை. கார் பிரேக் பிடிக்கிறதா என்று காட்டும் விளக்கு முன்வண்டியின் டேஷ்போர்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் புகை வந்தாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

இணைப்பு அறுந்து கார் தனியே ஓடினால் தானாக பிரேக் பிடிக்க ஒரு பின் உண்டு. மெல்லிய கம்பிவடம் அதை முன்வண்டியோடு இணைக்கும். வடம் இழுபட்டு, அந்தப் பின் கழன்றதும் பிரேக் இறுகும். வடத்தின் முனையை முன்வண்டியின் சட்டத்தில் கட்ட வேண்டும். இழுவைக் கம்பியில் கட்டினால், கம்பியே கழன்று காரோடு போகும் நாளில் அந்தப் பின் கழலவே கழலாது. இன்னொன்று, ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பல கார்களில் எஞ்சின் ஓடினால்தான் கியர்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றும். நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்தால் கியர்பெட்டி கெட்டுவிடும். காரின் கையேடு அனுமதிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் சாலையில் அப்படி இழுக்க அனுமதி உண்டா என்று சாலைப் போக்குவரத்துத் துறையிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். அங்கே மின்சாரம் தேவையில்லாத எளிய முறை புழக்கத்தில் இருக்கிறது. முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் அதன்மேல் சாய்கிறது. அந்தத் தள்ளலையே இணைப்பின் தலை வாங்கிக்கொண்டு, கம்பி வழியாக டிரெய்லரின் பிரேக்கை இழுக்கிறது. தள்ளுகிறவனின் பலத்தை வைத்தே அவனைப் பிடித்து நிறுத்துகிற ஏற்பாடு. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குப் போய்த் திரும்பும் பாதை போன்ற நீண்ட இறக்கங்களில் மட்டும் கவனம் தேவை. அங்கே டிரெய்லர் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும், பிரேக்கும் ஓயாமல் பிடித்துக்கொண்டே இருக்கும்.

பேராக்கின் சாலைகள் 2025-இல் அடுத்தடுத்த மாதங்களில் இரண்டு பெரிய இழப்புகளைக் கண்டன. மே 13 அன்று தெலுக் இந்தான் அருகே, சித்ரா பௌர்ணமித் திருவிழாப் பாதுகாப்புப் பணி முடித்து ஈப்போவுக்குத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசாரின் வண்டியும் கல் ஏற்றிய லோரியும் மோதி, ஒன்பது பேர் உயிரிழந்தனர். ஜூன் 9 அதிகாலை கெரிக் அருகே கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில், தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேரைப் பேருந்து விபத்து பறித்தது. அவற்றுக்குப் பின் கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டாயமாக்கும் நடவடிக்கை அக்டோபரில் கட்டம் கட்டமாகத் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் வேகக் கருவி எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைத்தான் குறைக்கும். இறக்கத்தில் வண்டியை ஓட்டுவது எஞ்சின் அல்ல, எடை. அங்கே துணை பிரேக்கும், ஏற்றிய சரக்கின் அளவும், மலையுச்சியில் போட்ட கியரும்தான் பேசும். ஆய்வு மையத்தில் உருளைகளின் மேல் நிறுத்திப் பார்ப்பது சூடேறாத பிரேக்கை. சரிவின் பாதியில் அதே பிரேக் எப்படி இருக்கும் என்பதை அந்தச் சோதனை சொல்லாது. எக்சாஸ்ட் பிரேக்கும் ரிட்டார்டரும் உண்மையில் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதையும் ஆய்வின் ஒரு பகுதியாக்கக் கேட்பது நியாயமான கோரிக்கை.

வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு மெனோராவுக்கு முன் சுங்கை பேராக் ஓய்விடம் இருக்கிறது. எதையாவது இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் அங்கே பத்து நிமிடம் நிறுத்தலாம். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் தொடாமல் கையை நீட்டிச் சூட்டைப் பார்க்கலாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அதன் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிரேக் எண்ணெயை எப்போது மாற்றினோம் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். புதிய டாட் 3 எண்ணெய் 205 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிப் பழசானதற்கு விதிப்படியான வரம்பு 140 டிகிரிதான். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கொதித்த எண்ணெயில் ஆவிக் குமிழ் சேர்ந்தால் மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. இணைப்புப் பின், சங்கிலி, கம்பிவடம், பின்விளக்கு எல்லாம் பார்த்தாகிவிட்டால் கிளம்பலாம், சுரங்கத்தைத் தாண்டுவதற்குள் சிறிய கியருக்கு மாறிக்கொண்டு.