நண்டு ஓட்டுக்குள் காட்மியம்

நண்டு ஓட்டைப் பெயர்த்ததும் உள்ளே பச்சையும் மஞ்சளுமாகக் கூழாக ஒன்று இருக்குமே, அது கல்லீரல், கணையம் இரண்டின் வேலையையும் செய்யும் உறுப்பு. ருசி என்று அதை வழித்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. காட்மியம் போன்ற உலோகங்கள் போய்ச் சேர்வதும் அங்கேதான். அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றையொட்டி, 1950-களிலிருந்து 1979 வரை ஒரு பேட்டரி ஆலை காட்மியக் கழிவைக் கொட்டியது. அந்த ஆற்று நண்டைத் தின்போருக்கு நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை சொல்வது: பச்சைக் கூழை எடுத்தெறியுங்கள், நண்டு வெந்த தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். நண்டு ரசப் பிரியர்களுக்குக் கசப்பான சேதிதான்! கொதித்தால் கிருமி சாகும். காட்மியமோ சாற்றில் இறங்கும். உடம்பில் சேர்ந்தால் ஆண்டுக்கணக்கில் சிறுநீரகத்தில் தங்கி அதைப் பழுதாக்கும். நண்டின் கால், கொடுக்குச் சதையில் காட்மியம் மிகக் குறைவு.